கால் டின் அரிசிக்கு எழுதிய மனு

உங்கள் கட்டுரை வந்து சேர்ந்தது. குறைந்தபட்சச் சம்பளம் ஏன் வேண்டும் என்று பதினோரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கண்ணாடி போடாமல், இரண்டாம் முறை போட்டுக்கொண்டு. கண்ணாடி போடாமல் வாசித்தபோதுதான் நன்றாக இருந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தொழிற்சங்க அலுவலகத்தில் முப்பது வருடம் இதே வேலையைச் செய்தவன் நான். தோட்ட முதலாளிகளுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பள மனு எழுதியே நடுவிரலில் காய்ப்பு விழுந்துவிட்டது. எழுதியவற்றில் தோற்றதைவிட ஜெயித்தது அதிகம். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கட்டுரையை என்னிடம் அனுப்பித் திருத்தி வாங்கச் சொன்ன உங்கள் சங்கச் செயலாளர், கிழவன் வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்று நினைத்திருப்பார். அதுவும் சரிதான்.

ஓரங்களில் சிவப்பு மையில் எழுதியிருப்பவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஒரு வரியை எழுதி, பிறகு கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வாசிக்க முடிகிறது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் இதே சம்பளம் வேண்டும் என்ற வரி. ஏன் அடித்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்காமலேயே எனக்குத் தெரியும். நானும் ஒரு வரியை அப்படி எடுத்தவன். அந்தக் கதையை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துவிட்டு ஒன்பதாம் பக்கத்துக்குப் போங்கள்.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். திகாம் பத்துக்கும் குருணுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. கிராணி என்றால் ஆபீசில் பேர் எழுதுகிறவன், பால் எடை குறிக்கிறவன், துரைக்குச் சலாம் போடுகிறவன். வயது இருபத்து நான்கு. சுங்கை பட்டாணியில் இங்கிலீஷ் படித்தவன் என்பதால் தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை. வெள்ளைக்கார துரை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிய பிறகு, அவருடைய பங்களாவில் ஒரு ஜப்பான்கார மானேஜர் வந்து உட்கார்ந்தார். அவர் சிப்பாய் இல்லை. சண்டைக்கு முன்பே ஜொகூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மலாய் நன்றாகப் பேசுவார், வாசிப்பார். மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்தே, பாலுக்காக அதைக் கீறி வெட்டியவர் கை எப்படிப்பட்ட கை என்று சொல்லிவிடுவார். அது எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கடைசியில் அதுவே உதவியும் ஆனது.

சம்பளம் ஜப்பான் நோட்டில். வாழைமரம் போட்ட அந்த நோட்டோடு திகாம் பத்துக் கடையில் போய் நின்றால், கடைக்கார நானா நம்மைப் பார்க்காதது போல ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். ஆகவே அரிசிதான் எங்களுக்கு நிஜமான சம்பளம். வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு டின், வீட்டில் பிள்ளை இருந்தால் பிள்ளைக்கு அரை டின். கெட்டிப்பால் வந்த தகர டின்தான் அளவை. மிச்ச வயிற்றுக்கு, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளிக்கிழங்கு.

ஒரு திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடும் நேரத்தில், மானேஜர் புதிய உத்தரவு போட்டார். வரும் சனிக்கிழமையிலிருந்து அரிசி பால் எடைக்குத் தகுந்தபடி. அதிகம் கொண்டுவருகிறவருக்கு அதிகம், குறைவாகக் கொண்டுவருகிறவருக்குக் குறைவு. பிள்ளைகளுக்கென்று தனியாகக் கிடையாது. மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னது நான்தான். சொல்லி முடித்ததும் வரிசையில் ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் மனதுக்குள் தங்கள் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா மரமும் ஒரே மாதிரி பால் கொடுப்பதில்லை. பள்ளத்து நிரையில் மரங்கள் இளசு, ஈரம் உண்டு, பால் வழியும். மேட்டில் இருந்த நிரை எங்கள் தோட்டத்திலேயே பழைய மரம். ஏறி இறங்கி வெட்டினாலும் பால் பிடிக்கும் மங்கில் பாதிக்கு மேல் பால் நிற்காது. அந்த நிரையை ஒரு பெண் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தன் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார், அதனால் மேட்டு நிரை அக்கா என்றே சொல்கிறேன். அவருடைய கணவர், சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட ஆள் ஏற்றிப் போன முதல் லாரியில் ஏறியவர். போனவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. வீட்டில் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பால் எடைக்கு அரிசி என்றால் அக்காவுக்கு அரை டின்கூடத் தேறாது, அதில் இரண்டு வயிறு.

அன்று மத்தியானம் பால் எடை போட்டு முடித்ததும் அவர் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். சனிக்கிழமை மூன்று மணிக்கு அடுத்த சயாம் லாரி வருகிறது. போகிறவர்கள் பட்டியல் என் மேசை டிராயரில் இருந்தது.

"எம்பேர எழுதிக்குங்க, கிராணியாரே. புள்ளையும் கூட வருது."

"அக்கா, அங்க போனவங்க கதை தெரியாம பேசுறீங்க."

"தெரியும்லா. இங்க இருந்தா மட்டும் என்ன, கிழங்கத் தின்னுட்டு வீங்கிச் சாவணும். அங்க சோறாவது போடுறாங்களாம்."

அங்கே என்ன போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் குருணில் ஒளிந்திருந்தார். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ரகசியமாகப் போய் அவருக்கு மருந்து போட்டுவிட்டு வந்து, கணுக்காலில் எலும்பு தெரிகிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார். மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா அந்த இடத்துக்குப் போகிறேன் என்கிறார். பட்டியலில் ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, "வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க, நான் ஒரு வழி பாக்குறேன்" என்றேன். அந்தப் பட்டியலில் மற்றப் பேர்களை எழுதியதும் இந்தக் கைதான். அதை மறைத்து உங்களுக்குக் கதை சொன்னால் நான் மனுஷனில்லை.

வழி ஒன்றும் என்னிடம் இல்லை. டிரெசரிடம் போனேன். மானேஜருக்கு மலேரியா வந்தபோது பார்த்தவர் என்பதால் டிரெசர் சொன்னால் கொஞ்சம் காது கொடுப்பார். டிரெசர் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"எழுதிக் கொண்டான்னு சொல்றான். எவ்ளோ பால் வந்தாலும் கொறைஞ்சது இவ்ளோ அரிசி குடுத்தே ஆவணும்னா, ஏன்னு எழுதணும். ஒரே ஒரு பக்கம். மலாய்ல. வெள்ளிக்கிழம பன்னெண்டு மணிக்கு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுதுவதுதானே, அதில் நம்மை யார் அடித்துக்கொள்ள முடியும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, முதலில் தமிழில், இரண்டு பக்கத்துக்கு ஒரே மூச்சில் எழுதினேன். தங்கள் பாதம் பணிந்து என்று ஆரம்பித்து, ஏழைத் தொழிலாளர் படும் பாட்டை உருக்கமாகச் சொல்லி, நடுவில் என் அசைக்க முடியாத வாதத்தை வைத்தேன். வெள்ளைக்கார துரை காலத்தில் மழை பெய்து வேலை இல்லாத நாளிலும் அரைச் சம்பளம் உண்டு, அரிசி தட்டுப்பாடு என்பதே கிடையாது, தாங்கள் அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டிரெசருக்கும் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். டிரெசர் முகத்தில் ஈயாடவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். தாள் பஞ்சத்தில் பழைய காகிதத்தின் முதுகில் எழுதியிருந்தேன். அங்கே வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

"ஒன் ஒருத்தன் கையெழுத்து போதும்டா கிராணி" என்றார். "நம்ம மூணு பேரயும் ஒரே லாரியில ஏத்திருவான்."

அந்தக் காலத்துக் கிராணிகளான எங்களுக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தது வெள்ளைக்காரன் ஆபீஸ். முன்பு இவ்வளவு இருந்தது, இப்போது குறைந்துவிட்டது என்று ஒப்பிட்டு எழுதுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வாதம். யாரை விரட்டிவிட்டு இந்த மானேஜர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரோ, அவரையே புகழ்ந்து எழுதியிருக்கிறேன். மனுவை எழுதுகிறபோது உங்கள் வாதம் சரியா என்று மட்டும் பார்க்காதீர்கள், அதைக் கேட்கிற காது யாருடையது என்றும் பாருங்கள். டிரெசர் இரண்டு தாளையும் ஊசி காய்ச்சும் அடுப்பில் போட்டார். எனக்கு அது ரொம்ப வலித்தது, நல்ல தமிழ் அது.

அக்காவிடம், "எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டேன். பாராட்டுவார் என்ற நப்பாசை.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஒப்பாரி மாதிரி. ஆனா இன்னும் யாரும் சாவலியே."

புதன்கிழமை ரோஷத்தோடு உட்கார்ந்தேன். அழக்கூடாது என்றால் மிரட்டலாம் என்று முடிவு செய்தேன். அரிசி குறைந்தால் ஆட்கள் இரவோடிரவாகக் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள், பால் வெட்ட ஆளிருக்காது, தோட்டம் பாழாகும் என்று எழுதினேன். அது பொய்யில்லை. பக்கத்துத் தோட்டங்களில் அப்படி நடந்துகொண்டுதான் இருந்தது. வாசித்து முடித்ததும் டிரெசர் தாளைத் தட்டிக் காட்டினார்.

"ஓடப்போறது யார் யாருன்னு கேப்பான். பேரு குடுப்பியா?"

அந்தத் தாளை நானே கிழித்தேன். அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டதற்காக அந்த மனிதரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். உங்கள் கட்டுரையின் நான்காம் பக்கத்தில், தொழிலாளர்கள் பொறுமை இழந்து வருகிறார்கள் என்று ஒரு பத்தி இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் அவர்கள் என்று கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது என்று யோசித்துவிட்டு அந்தப் பத்தியை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டு நாள் போய்விட்டது. கையில் ஒரு வரிகூட இல்லை. வியாழக்கிழமை காலையில் அக்கா என்னிடம், "ஆபீஸ்லயே ஒக்காந்து எழுதுனா இப்படித்தான் வரும். நெரைக்கு வாங்க" என்றார். ஐந்து வருடம் அந்தத் தோட்டத்தில் பால் எடை குறித்தவன் நான். மேட்டு நிரைக்கு அன்றுதான் முதல் முறையாக ஏறினேன். பாதி ஏறும்போதே மூச்சு வாங்கியது. அக்கா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.

இரண்டு மரத்தைக் காட்டினார். முதல் மரத்தில் வெட்டு நேராக, மெல்லிசாக இறங்கியிருந்தது. இரண்டாவது மரத்தில் ஒரு இடத்தில் கத்தி ஆழமாகப் போய், பட்டை கிழிந்து, உள்மரம் வெளுப்பாகத் தெரிந்தது.

"ரெண்டும் நான் வெட்டுனதுதான். இது, சோறு தின்ன அன்னிக்கி. அது, போன மாசம் ரெண்டு நாளா அரிசி வல்ல பாருங்க, அன்னிக்கி. பசியில கை நடுங்கும் கிராணியாரே. நெதானம் இருக்காது. இப்படி உள்ள பட்டுட்டா அந்த எடத்துல பட்ட திரும்ப ஒழுங்கா வளராது. முடிச்சு முடிச்சா ஏறிக்கும். அப்பறம் கத்தியே ஓடாது."

நான் அந்தக் காயத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"நம்ம செத்தா அவனுக்கு வேற ஆளு. மரம் போச்சுன்னா?" என்றார். "இத எழுதுங்க."

கீழே இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். "புள்ளைக்கு அரைடின்னயும் சேத்து எழுதணும். எனக்கு மட்டும் ஒரு டின்னு குடுத்தா, அதுல பாதி அதுக்குத்தான் போவும். என் வயிறு பாதிதான் ரொம்பும். கத்தி மறுபடியும் அங்கதான் போய் நிக்கும்."

அன்று மத்தியானம் மூன்றாவது படியை எழுதினேன். மலாயில். என் மலாய் பாசார் மலாய். மீன் வாங்கவும் சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொல்லவும் போதும், பாதம் பணியப் போதாது. அலங்காரத்துக்கு வழியே இல்லாமல் போனதால் சொல்ல வேண்டியது மட்டும் மிஞ்சியது. சாப்பிட்ட கை எப்படி வெட்டும், சாப்பிடாத கை எப்படி வெட்டும். காயம் பட்ட பட்டையில் என்ன ஆகும். எடைக்கு அரிசி என்றால், எடையைக் கூட்டுவதற்காகவே எல்லாரும் ஆழமாக வெட்டுவார்கள், முதல் மாதம் பால் கூடும், பிறகு மரம் போகும். ஆகவே பெரட்டுக்கு வந்து மரம் வெட்டுகிற ஆளுக்கு, பால் எவ்வளவு வந்தாலும், ஒரு டின்னுக்குக் குறையக்கூடாது. அவ்வளவுதான். கடைசியில், தாளின் அடியில் தனியாக, பிள்ளைக்கு அரை டின், இல்லையென்றால் தாய் தன் டின்னைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பசியோடுதான் கத்தியைப் பிடிப்பாள் என்ற வரி. டிரெசரும் அக்காவும் கேட்டுவிட்டுச் சரி என்றார்கள். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இன்றுவரை நான் எழுதியதில் ஆகச் சிறந்த கட்டுரை அதுதான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பே பங்களா படியில் போய் நின்றேன். உள்ளே, கங்காணி வேலை பார்க்கும் மண்டோரை மானேஜர் எதற்கோ திட்டிக்கொண்டிருந்தார். பளார் என்று ஒரு சத்தம். இன்னொரு சத்தம். மண்டோர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அவர் ஆறடி ஆள்.

என் கையில் இருந்த தாளை மறுபடி வாசித்தேன். ஒரு டின் என்பது நியாயமாகத் தெரிந்தது. அதற்குக் கீழே பிள்ளைக்கு அரை டின் என்பது திடீரென்று பேராசையாகத் தெரிந்தது. அதிகம் கேட்டு மொத்தமும் போய்விட்டால்? முதலில் ஒரு டின்னை வாங்கிவிடுவோம், பிள்ளைகளுக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்த வரி தாளின் அடியில் தனியாக இருந்தது வசதியாகப் போயிற்று. மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை என்று அப்போது நினைத்தேன். பயம் என்பதுதான் உண்மை.

உள்ளே போய் இடுப்பு வளைய வணங்கிவிட்டுத் தாளைக் கொடுத்தேன். மானேஜர் நின்றபடியே வாசித்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து, பங்களா ஓரத்து மரமொன்றின் பட்டையைத் தடவினார். கிராணிக்குப் பட்டையைப் பற்றி என்ன தெரியும், இதை உனக்கு யார் சொன்னது என்று மலாயில் கேட்டார். அக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. புகழ்ச்சியாகக் கேட்கிறாரா, பிடிக்கப் பார்க்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. மரம் வெட்டுகிற எல்லாருக்கும் தெரியும் துவான், நான் இப்போதுதான் கற்றுக்கொண்டேன் என்றேன். அந்தப் பதிலுக்காக என்னை நான் மெச்சிக்கொள்வதுண்டு.

அவர் தலையசைத்தார். தாளை மறுபடி பார்த்தார். அடியில் கிழிந்த ஓரத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக ஓட்டினார்.

"இனி சாஜா?" என்றார். இது மட்டும்தானா என்று அர்த்தம்.

சட்டைப் பையில் அந்தத் துண்டு இருக்கிறது. எடுத்து நீட்டினால் போதும்.

"யா, துவான்" என்றேன். ஆமாம் ஐயா.

"பாயிக்" என்று கையெழுத்துப் போட்டார். நல்லது, ஒரு டின், சனிக்கிழமையிலிருந்து. எழுதியதில் ஒரு எழுத்துக்கூடக் குறைக்கவில்லை. பேரம் பேசவே இல்லை.

சனிக்கிழமைப் பெரட்டில் உத்தரவை நானே வாசித்தேன். பால் எவ்வளவு வந்தாலும் ஆளுக்கு ஒரு டின். வரிசையில் ஒரு பெரிய மூச்சு விட்ட சத்தம் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் தாளை மடித்தேன்.

வேலை முடிந்து அவர் ஜன்னலுக்கு வரும்போது லாரி வர இரண்டு மணி நேரம் இருந்தது. குழந்தை இடுப்பில் இருந்தது.

"புள்ளைக்கு இல்லன்னுட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்ற ஒரே சொல்லில் பழியை ஜப்பான்காரன் தலையில் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் துண்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன், மானேஜர் இது மட்டும்தானா என்று கேட்டதையும் சேர்த்து. அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப எம்பேர எழுதிருங்க" என்றார். "ரெண்டு பேரு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேனாவை எடுத்தேன். பட்டியலை எடுக்கவில்லை, வேறொரு தாளை எடுத்தேன். லயத்திலிருக்கும் பிள்ளைகளுக்கும் அரிசி, இல்லையென்றால் தாய் பசியோடுதான் வெட்டுவாள், நேற்று இந்த வரியை நானே கிழித்துவிட்டேன், தவறு என்னுடையது என்று எழுதிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினேன்.

மானேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசித்தார். எழுந்து வந்தார்.

"பக்கேரோ" என்றார். முட்டாள் என்று அவர்கள் திட்டும் சொல். வலது கன்னத்தில் ஒன்று, இடதில் ஒன்று, மறுபடி வலதில் ஒன்று. காதுக்குள் கொய்ங் என்றது. நேற்று நான் கேட்டேன், கேட்டேனா இல்லையா என்றார். கேட்டீர்கள் துவான் என்றேன். என்னை அடித்ததற்காக அவரை நான் மன்னித்ததில்லை. அவர் ஆட்கள் சயாமுக்கு அனுப்பியவர்களை நினைத்தால் மன்னிக்கவும் முடியாது. ஆனால் என் வாதத்தில் இருந்த ஓட்டையை என்னைவிடத் தெளிவாக அவர் பார்த்திருந்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தாளை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இந்த முறையும் ஒரு எழுத்தைக் குறைக்கவில்லை.

பிள்ளைகளுக்கும் அரிசி உண்டு என்று அக்காவிடம் ஓடிவந்து சொன்னேன். மூன்று மணிக்கு லாரி வந்தது. பட்டியலில் நான் காலியாக விட்ட இடம் காலியாகவே போனது. அக்காவும் குழந்தையும் லயத்து வாசலில் நின்று லாரி போவதைப் பார்த்தார்கள்.

அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேர் போனார்கள், பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை என் கன்னம் எரிய எரிய நான் சந்தோஷமாக இருந்தேன். ஸ்டோரைத் திறந்து நானே அரிசி அளந்தேன். அக்காவின் முறை வந்தது. அவருக்கு ஒரு டின் கொட்டினேன். பிறகு குழந்தைக்கு அளந்தேன். டின்னில் அரிசி காலளவில் நின்றது. அக்கா டின்னுக்குள் விரலை விட்டு மட்டம் பார்த்தார்.

"அரைன்னுதான எழுதுனோம்?"

"கால்னு எழுதிக் குடுத்தேங்கா. கோவத்துல இருப்பான், கொறச்சுக் கேட்டாத்தான் குடுப்பான்னு நெனச்சேன்."

அக்கா அரிசியைத் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டார். என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அரைன்னு எழுதியிருந்தா அரையே குடுத்திருப்பான், கிராணியாரே. அடி என்னமோ ஒரே அடிதான்."

அரை டின் என்று எழுதிய துண்டு அப்போதும் ஆபீஸ் மேசையில்தான் கிடந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஜப்பான்காரன் போகும்வரை அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நாளொன்றுக்குக் கால் டின்தான். தினமும் அளந்து கொடுத்தது நான்.

ஒன்பதாம் பக்கத்தில் அடித்த வரியை மறுபடி எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வீட்டுக்கு வாருங்கள். முழுதாக எழுதுங்கள். அந்த ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிற பெண்களில் ஒருவரையும் கூட அழைத்து வாருங்கள், அந்த வரியை வாசித்துக் காட்டுங்கள், அவர் கேட்டுச் சொல்லட்டும்.